கருத்தையாவின் கணவாய்கள்

முப்பத்தேழு வயதுவரை கருத்தையா எந்த மலையும் ஏறியதில்லை. ஓட்டப்பிடாரம் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்தில் பிறந்தவர். கோவில்பட்டியில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக வேலை பார்த்தார். மெஷின் நின்றால், நிற்பதற்கு முன்னால் அது போட்ட சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். திசை விஷயத்திலும் அப்படித்தான். கரிசல் காட்டில் எங்கே கொண்டுபோய் விட்டாலும், காற்று முகத்தில் படுகிறதா பிடரியில் படுகிறதா என்று பார்த்து ஊர் இருக்கும் பக்கம் நடக்கத் தொடங்கிவிடுவார்.

1994 ஆனி மாதம், கூட வேலை பார்த்த பாலகணேஷின் தங்கைக்குப் புனலூரில் கல்யாணம். மில் ஆட்கள் ஒரு வேன் பிடித்துப் போனார்கள். சங்கரன்கோவில்வரை கண்ணைத் திறக்கவிடாத புழுதிக் காற்று. செங்கோட்டையில் தூறல் விழுந்தது. புளியரை வளைவுகளில் ஏறி, தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் கோட்டைவாசலுக்கு வந்தபோது மழை கொட்டித் தீர்த்து அப்போதுதான் விட்டிருந்தது. சுற்றிலும் மேகம் இறங்கிக் கிடந்தது. வேனை நிறுத்தினார்கள். கருத்தையா இறங்கி மரத்து மறைவில் ஒதுங்கிவிட்டு ரோட்டுக்கு வந்தார். வேன் தெரியவில்லை. வலது கைப்பக்கம்தான் என்று நடந்தார். நூறு அடி போயிருப்பார்.

"அண்ணாச்சி, அங்கன எங்க போறீய? அது செங்கோட்டைக்கு இறங்குத பக்கம்லா" என்று பின்னாலிருந்து பாலகணேஷ் கூப்பிட்டான்.

கருத்தையா அப்படியே நின்றுவிட்டார். மேற்கே நடப்பதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வேனுக்குள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் புனலூர் போய்ச் சேரும்வரை திரும்பித் திரும்பி வந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்ததென்று சொல்ல முடியாது. பயமும் இல்லை. என்னவென்று அவருக்கே பிடிபடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பழைய எம்.எய்ட்டி மொபெட் வாங்கினார். வேலைக்குப் போய்வர என்றுதான் வீட்டில் சொன்னார். அடுத்த வார லீவில் விடியற்காலை கிளம்பிக் கோட்டைவாசலுக்குப் போனார். அங்கே ஒரு மணி நேரம் நின்றார். திரும்பி வந்தார். அதற்கடுத்த மாதம் மேக்கரை வழியாக அச்சன்கோவில் மலைப்பாதை. பிறகு குமுளி. ஒருமுறை ஆரல்வாய்மொழி. அங்கே ஏற்றம் என்றே ஒன்று தெரியவில்லை. காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் போய் டீ குடிக்கும்போது, கணவாய் எப்போதோ தாண்டிவிட்டது என்று கடைக்காரர் சொன்னார். எந்த இடத்தில் தாண்டினோம் என்று பார்க்க, வந்த வழியே திரும்பிப் போனார். அப்போதும் தெரியவில்லை.

மனைவி சொர்ணத்தாய் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிறவள். புருஷன் லீவு நாளில் காணாமல் போவதும், பேன்ட்டின் காலில் செம்மண் அப்பிக்கொண்டு, மேல்துண்டு நனைந்து, நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தோடு வருவதும் அவளைக் குழப்பியது.

"அங்கன யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

"யாருமில்ல."

"யாருமில்லாத எடத்துக்கு எதுக்குப் போறீய?"

"ரோடு மேல ஏறுது. அப்புறம் எறங்குது. அதைப் பாக்கப் போறேன்."

பக்கத்தில் உட்கார்ந்து லேபிள் ஒட்டும் முத்துமாரியம்மாளிடம் இதைச் சொன்னாள். முத்துமாரியம்மாள் கையை நிறுத்தாமலே, "ஏட்டி, ரோட்டப் பாக்க ஒரு ஆம்பள நூறு கிலோமீட்டர் போவானா? அந்தப் பக்கம் ஒரு அடுப்பு எரியுதான்னு போய்ப் பாரு" என்றாள்.

1998 ஆடியில் ஒரு லீவு நாள். கருத்தையா வண்டியை உதைக்கும்போது சொர்ணத்தாய் புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்து பின்னால் ஏறினாள். சங்கரன்கோவிலில் இட்லி சாப்பிட்டார்கள். பத்து மணிக்குப் புளியரை வந்துவிட்டார்கள். இரண்டாவது வளைவிலேயே வண்டி முனகத் தொடங்கியது. கிளட்ச் தேய்ந்திருந்தது. இரண்டு பேரை இழுக்கவில்லை.

ரோட்டோரம் ஒரு ஒற்றையடிப் பாதை மேலே ஏறியது. "வளைவு சுத்தாம இது நேரா மேல போய் ரோட்டுல முட்டும். நீ இப்படி ஏறி வா. நான் மேல நிக்கேன்" என்றார்.

"மேலன்னா எங்கன?"

"இதுக்கு மேல ஏத்தம் இல்லங்கிற எடம்."

சொர்ணத்தாய் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள். கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஆள் நடமாட்டம் அதிகம் தெரிந்த பாதையில் போனாள். ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். பிறகு தரை சமமாகிவிட்டது. முன்னால் ரயில் தண்டவாளம். இதற்கு மேல் ஏற்றம் இல்லை. இதுதான் அவர் சொன்ன இடம் என்று ஒரு கல்லில் உட்கார்ந்தாள். ரோட்டை மட்டும் காணவில்லை.

கோட்டைவாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நின்ற கருத்தையாவைச் சுற்றி மேகம் இறங்கியது. அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு வளைவு கீழே நடந்துபோய்க் கூப்பிட்டார். குரல் தனக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டதுபோல் இருந்தது. மேலே ஓடி வந்தார். மறுபடி இறங்கினார். பாதை பிரிகிற இடத்தைக் கண்டுபிடித்து ஒன்றில் போனார். அது ரோட்டிலேயே வந்து முட்டியது. இன்னொன்றில் நுழைந்தார். பத்தடி போவதற்குள், அவள் மேலே வந்து தன்னைத் தேடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று தோன்றியது. திரும்பி ஓடினார்.

செக்போஸ்ட்டில் இருந்தவர் மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாகக் கேட்டார். "எந்தப் பக்கத்தில் வச்சாணு காணாமப் போனது? அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?"

கருத்தையா கையை நீட்டினார். பிறகு இறக்கினார். அலைந்த அலைச்சலில் எது அந்தப் பக்கம், எது இந்தப் பக்கம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த நேரம் எங்கேயோ காலுக்குக் கீழிருந்து வருவதுபோல் ரயில் கூவியது.

அந்த ரயிலில்தான் சொர்ணத்தாய் இருந்தாள்.

கல்லில் உட்கார்ந்திருந்தவளைத் தண்டவாளம் சோதித்துக்கொண்டு வந்த ரயில்வே ஊழியர் ஒருவர் பார்த்திருந்தார். கொம்பையா என்று பெயர். விவரம் கேட்டுவிட்டு, "தனியாக் காட்டுக்குள்ள எறங்காதீங்கம்மா. வண்டியில போனவிய எப்படியும் மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு ரோட்டுக்குத்தான் வருவாவ. பாசஞ்சர் வார நேரம். ஏறி அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி ரோட்டுல நில்லுங்க" என்றார். பகவதிபுரம் ஸ்டேஷன்வரை கூட நடந்து வந்து ஏற்றியும் விட்டார். கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள் இருட்டாகிவிட்டது. ஏன் இருட்டுகிறது என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு வெளிச்சம் வந்தது. வெளியே எல்லாமே ஈரமாக இருந்தது.

ஒரு மணிக்கு மேல், கேரளத்திலிருந்து ஏறி வந்த லாரி டிரைவர் கோட்டைவாசலில் வண்டியை மெதுவாக்கினார். "கோவில்பட்டி ஆளு நீங்கதானா? ஆரியங்காவுல ஒரு அம்மா நின்னு, வார வண்டியெல்லாம் மறிச்சு எம்.எய்ட்டியப் பாத்தியளான்னு கேக்குதாவ" என்றார்.

கருத்தையா நம்பவில்லை. மேலே ஏறாத ஒருத்தி மலைக்கு அந்தப் பக்கம் எப்படி இருப்பாள்? ஆனாலும் போனார். மழையில் ஒரு உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சொர்ணத்தாய் ரோட்டோரம் நின்றிருந்தாள். புதுச்சேலை முழங்கால்வரை சேறு.

"மேல எங்கன இருக்கு?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"நீ தாண்டி வந்துட்டியே."

"நான் மேல வரைக்கும் ஏறவே இல்லையே."

ரயில், மலையைக் குடைந்து போன இருட்டுக் குகை எல்லாவற்றையும் அவள் சொன்னபோதும், அந்தக் கணக்கு அவருக்குச் சட்டென்று சரியாகவில்லை. பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தார்கள். கடையில் இருந்த பெண்ணையும் அவரையும் சொர்ணத்தாய் மாறி மாறிப் பார்த்தாள். இருவருக்கும் பழக்கம் இருப்பதாகத் தெரியவில்லை.

திரும்பும்போது அவள் ஆரியங்காவிலிருந்து ஒரு ஜீப்பில் ஏறி வந்தாள். இந்த முறை ஜீப்புக்குப் பின்னாலேயே அவர் ஒட்டி வந்தார். கோட்டைவாசலில் மேகம் விலகியிருந்தது. கிழக்கே வெகுதூரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த சமவெளி தெரிந்தது. பின்னால் மழை பெய்துகொண்டிருந்தது.

"இதைப் பாக்கவா வருதீய?"

"இதைப் பாக்கத்தான்னு சொல்ல முடியாது."

"பின்ன எதுக்கு?"

கருத்தையா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "தெரியல சொர்ணம்" என்றார்.

பொய் சொல்கிற மனுஷனாக இருந்தால் இதைவிட நல்ல காரணம் ஒன்றைக் கைவசம் வைத்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. மறுநாள் ஆபீசில் முத்துமாரியம்மாள் கேட்டபோது, "அடுப்பெல்லாம் ஒண்ணும் இல்ல. என்னன்னு எனக்கும் புரியல" என்று மட்டும் சொன்னாள். முத்துமாரியம்மாளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

அவர் கிளட்சை மாற்றினார். அதன்பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை சொர்ணத்தாயும் கூடப் போனாள். மலை அவளுக்குப் பெரிதாகப் பிடித்துவிடவில்லை. குளிர் ஆகாது. வளைவில் வாந்தி வரும். ஏன் வருகிறாய் என்று அவரே ஒருமுறை கேட்டார். "மலையில நீங்க எல்லார்ட்டயும் வழி கேக்குதீய. வீட்டுல என்னைக்காவது என்கிட்ட எதையாவது கேட்டிருக்கீயளா?" என்றாள். அவர் அதைப் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தார். பாராட்டா, குறையா என்று முடிவுக்கு வர முடியவில்லை.

2003இல் மில்லில் ஆட்குறைப்பு வந்து கருத்தையா வெளியே வந்தார். வண்டியும் ஓய்ந்துவிட்டது. பஸ்ஸில் போகத் தொடங்கினார்கள். 2006இல் போடிமெட்டுக்குப் போனபோது பாதி மலையில் பஸ் ரேடியேட்டர் கொதித்து நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். மேகம் ரோட்டை மூடிக்கொண்டு வந்தது. சொர்ணத்தாய் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"ஏட்டி, தனியாப் போவாத."

"ரோடு ஒண்ணுதான இருக்கு" என்றாள் திரும்பாமல்.

கருத்தையாவுக்கு அது அவ்வளவு நிச்சயமாகப் படவில்லை. கண்டக்டரிடம், பஸ் கிளம்பினால் வழியில் ஏற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவள் சேலையின் சிவப்பு மறைவதற்குள் வேகமாக எட்டு வைத்தார்.