பிரிக்பீல்ட்ஸ் ஹாலில் ஒரு மெல்பர்ன் கல்யாணம்

போன வாரம் வீட்டுக்குப் புது டிவி வந்தது. மாட்ட வந்தவர், "ஒயரெல்லாம் வேணாம் பாஸ், வைஃபை போதும்லா" என்று சொல்லிக்கொண்டே பழையதை நகர்த்தினார். அதுவரை ஓடிக்கொண்டிருந்த பெட்டி. பின்பக்கத்திலிருந்து சூடேறிய தூசியின் வாசம் குப்பென்று வந்தது. உங்களுக்கும் அந்த வாசம் தெரிந்திருக்கும். எனக்கு அது மணியம் அங்கிள் வீட்டு ஹாலின் வாசம்.

டெங்கில் என்ற சின்ன ஊரிலிருந்து தலைநகருக்கு வேலைக்கு வந்த புதிதில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டில் அறை எடுத்திருந்தேன். வீட்டுக்காரர் மணியம் அங்கிள், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி லட்சுமி ஆன்டிக்கு டயாலிசிஸ்; ஊரை விட்டு எங்கும் நகர முடியாது. ஒரே மகள் கவிதா மெல்பர்னில் படித்து அங்கேயே வேலையில் இருந்தாள். ஒரு கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொள்ளப்போவதாக அவள் சொன்ன நாளோடு அங்கிள் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். போன் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

கல்யாணம் மெல்பர்னில், தேவாலயத்தில். அதை இணையத்தில் நேரடியாகக் காட்டுவார்களாம். ஆன்டி என் அறை வாசலில் வந்து நின்று, "உன் கம்பியூட்டர நம்ம டிவியில காட்ட முடியுமா தம்பி? அந்தச் சின்னதுல எனக்குக் கண்ணு தெரியாது" என்று கேட்டார். அங்கிளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று மெதுவாக.

முடியும் என்று சொல்லிவிட்டேன். ஆபீசில் பிரிண்டரை ஒருமுறை அணைத்துத் திரும்பப் போட்டுச் சரிசெய்ததிலிருந்து எனக்குக் கணினி மேதை என்ற பெயர். நானும் அதை மறுத்ததில்லை.

சனிக்கிழமை காலை கணினியைப் பெட்டியோடு ஹாலுக்குத் தூக்கி வந்தேன். அந்தக் காலத்தில் படத்துக்கு ஒரு ஒயர், சத்தத்துக்கு இன்னொரு ஒயர். இரண்டையும் செருகி ரிமோட்டை அழுத்தினால் திரை நீலமாகவே நின்றது. எல்லாப் பட்டன்களையும் அழுத்திப் பார்த்ததில் திடீரென்று படம் வந்தது. என் கணினியின் முகப்பில் நான் வைத்திருந்த நடிகை, ஹால் முழுக்கச் சிரித்தாள். எதிர்வீட்டு ரோஸி அக்கா தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே வந்த நேரம் அது. "பொண்ணு இதுவா தம்பி?" என்றார்.

அங்கிள் மட்டும் வரவில்லை. "எனக்கு அதெல்லாம் வேணாம். நீங்க பாருங்க" என்று, வெளியே நடைபாதையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்தார். பக்கம் திரும்பிய சத்தமே கேட்கவில்லை.

தேவாலயம் தெரிந்தது. பாட்டு கேட்டது. படம் அவ்வப்போது நின்று ஒரு வட்டம் சுற்றும், "என்னா தம்பி, சுத்திக்கிட்டே இருக்கு?" என்று ஆன்டி பதறுவார். ரோஸி அக்கா, "இப்ப பொண்ணு வரும் ஆன்டி, வழக்கமா அப்பாதான் கையப் புடிச்சிக் கூட்டிட்டு வருவாரு, எல்லாரும் எந்திரிப்பாங்க பாருங்க" என்று விளக்கிக்கொண்டிருந்தபோது சத்தம் நின்றுபோனது.

வெளியிலிருந்து அங்கிளின் குரல் வந்தது. "ஏன் சத்தம் வரல?"

அவரே எழுந்து வந்தார். டிவியின் பின்னால் சத்தத்துக்கான ஓட்டை தளர்ந்திருந்தது. ஒயரை விரலால் அழுத்திப் பிடித்தால்தான் கேட்டது. "நான் புடிச்சிக்கிறேன். நீ கம்பியூட்டர பாரு" என்று சுவருக்கும் டிவிக்கும் நடுவில் நுழைந்து நின்றுகொண்டார். அங்கிருந்து அவருக்குத் திரை தெரியாது.

கவிதா வந்தாள். ஆன்டி அவருக்காகச் சொல்ல ஆரம்பித்தார். "வெள்ளப் பட்டு கட்டியிருக்கா. மல்லிப்பூ வச்சிருக்கா."

கொஞ்சம் பொறுத்துப் பின்னாலிருந்து, "எளச்சிட்டாளா?" என்ற கேள்வி வந்தது.

"இல்லங்க. நல்லாத்தான் இருக்கா." ஆன்டியின் குரல் இறங்கியது. "தனியா நடந்து வரா. பக்கத்துல யாருமே இல்ல."

சத்தம் கரகரத்தது. எட்டிப் பார்த்தேன், ஒயர் அங்கிளின் விரலிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது.

"நீங்க முன்னால போங்க அங்கிள். நான் புடிக்கிறேன்."

"வேணாம்" என்றார். நான் கையை நீட்டி ஒயரைப் பிடித்துக்கொண்டேன். அவர் சட்டையெல்லாம் தூசியோடு முன்னால் போய் நின்றார். பாதிரியார் கேட்பதும் கவிதா பதில் சொல்வதும் எனக்குக் காதில்தான் விழுந்தன. நான் பார்த்தது அங்கிளின் முகத்தை மட்டும். மகளின் குரல் கேட்டதும், அவள் எதிரில் நிற்பதுபோலத் தலையை ஆட்டினார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. இரண்டு கைகளையும் தூக்கி, திரைக்கு முன் விரித்து ஆசீர்வாதம் செய்தார்.

சாயங்காலம் அவரே போன் போட்டார். மன்னிப்பு, கோபம் எதுவும் பேசவில்லை. "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். பிறகு நெடுநேரம் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தார்.

ஆன்டி தவறிச் சில வருஷம் ஆகிறது. அந்த அடுக்குமாடியை இடித்து, கண்ணாடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். கிள்ளானுக்குக் குடிபோன அங்கிளும் சமீபத்தில் போய்ச் சேர்ந்தார். காரியத்துக்கு வந்த கவிதா, வீட்டு வாசலில் என்னைத் தனியே அழைத்தாள்.

"அன்னிக்கு அப்பா டிவியில பாத்தத யாராச்சும் படம் எடுத்தீங்களா அண்ணே?"

யாரும் எடுக்கவில்லை. போனைத் தூக்க வேண்டும் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவே இல்லை. கூட உட்கார்ந்து பார்த்த ரோஸி அக்கா இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ, அதுவும் தெரியாது. நான் நின்ற இடத்திலிருந்து கண்டதை மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டியதை, கைகளைத் தூக்கியதை.

கவிதா கேட்டு முடித்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே" என்றாள்.