குரலைப் பற்றிய உரை

ஐம்பதுகளில் புகழ்பெற்றிருந்த ஓர் ஆங்கில நடிகையைப் பற்றி நாங்கள் குடியேறிய ஜெர்மன் ஊரின் திரையரங்கில் அப்பாவின் நண்பர் பேசப்போகிறார் என்பது இரண்டு மாதத்துக்கு முன்பே ஊர்த் தமிழர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியவைத்தவர் அவரேதான். ஞாயிறு காலைக் காட்சி, படத்துக்கு முன்னால் கால்மணி நேர உரை. ஜெர்மன்காரர் முன்னிலையில் எங்கள் ஆட்களில் ஒருவர் சினிமாவைப் பற்றிப் பேசுவது அதுவே முதல் தடவை. அவருடைய மானம் முழுவதும் அந்தக் கால்மணி நேரத்தில் இருந்தது.

நான் ஒலித்தொழில்நுட்பம் படித்தவள். வார இறுதிகளில் அந்த அரங்கில் படம் ஓட்டுகிறேன். ஆகவே உரைக்காக நடிகையின் தொழில்வாழ்க்கையைப் பட்டியலிடும் வேலையும் எனக்கே வந்தது. பதினான்கு வருடம் மேடை, பெரும்பாலும் சிற்றூர்களில். பிறகு திரை: முதலில் காதலி, இரண்டு வருடத்தில் மனைவி, நாற்பது வயதில் கதாநாயகனின் தாய். கதாநாயகனுக்கும் அப்போது நாற்பது. கடைசியில் மறுபடியும் மேடை. ஒலிவாங்கி இல்லாமல் பின்வரிசை வரை போகும் குரல்தான் அவரிடம் இருந்த ஒரே சொத்து.

மாமா, அப்பாவின் நண்பரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், உரையை எனக்கு வாசித்துக் காட்டினார். பாதி அந்தக் குரலைப் பற்றியது. தேன், பட்டு, குயில். அகதி விடுதியில் தொலைக்காட்சியில் அந்த நடிகையின் படங்களைப் பார்த்துத்தான் மாமா ஜெர்மன் படித்தாராம்.

"மாமா, அது அவவின்ர குரல் இல்லை. டப்பிங். இங்க ஒரு ஜெர்மன்காரி குடுத்த குரல்."

"அவதான் கதைச்சவ, பிள்ளை. வாய் பொருந்துதெல்லோ. எட்டுப் பாசை தெரிஞ்ச மனுசி."

"எங்க வாசிச்சனீங்கள்?"

"வாசிக்கத் தேவையில்லை. முகத்தைப் பாத்தாலே விளங்கும்."

"ஞாயிற்றுக்கிழமை ஓடுறது இங்கிலிஷ் பிரதி. ஒரு நிமிசம் போட்டுக் காட்டட்டோ?"

"இப்ப ஏலாது. முடிவெட்ட டெர்மின் எடுத்திருக்கிறன், சொன்ன நேரத்துக்குப் போகோணும்."

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை, அது மறதியால் அல்ல.

ஞாயிறு காலை ஐம்பது பேர் வந்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் கடைசி இரண்டு வரிசை, மற்றவர்கள் நரைத்த ஜெர்மன்காரர். குயில் வந்தது, தேன் வந்தது, கைதட்டலும் வந்தது. நான் படத்தைத் தொடங்கினேன். நடிகை கதவைத் திறந்து வாயைத் திறந்தார். தாழ்ந்த, வறண்ட, சற்றே கரகரத்த குரல். ஒரு சொல்லும் சிதறவில்லை.

மாமா எழுந்து, பின்னால் மேலேயிருந்த என் படம் ஓட்டும் அறைப்பக்கம் திரும்பினார். "பிள்ளை, சத்தம் பிழைச்சுப்போச்சு. அவவின்ர குரலைப் போடு."

அதையே ஜெர்மனிலும் உரக்கச் சொன்னார். அரங்கு சிரிக்கும் என்று காத்திருந்தேன். இரண்டாம் வரிசையில் ஒரு ஜெர்மன் அம்மையார் எழுந்தார். "அவர் சொல்வது சரி. இது அவள் குரலே இல்லை. நான் சிறுவயதிலிருந்து கேட்டவள்." பக்கத்திலிருந்தவர்களும் தலையாட்டினார்கள். அரங்கப் பொறுப்பாளர் மேலே ஓடிவந்து, ஜெர்மன் ஒலி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. மாற்றினேன். யாரோ ஒருத்தியின் தேன்குரல் அரங்கை நிறைத்தது. ஐம்பது பேரும் திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். பதினான்கு வருட மேடைப் பயிற்சி ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை.

படம் முடிந்ததும் மாமா என் அறைக்கு வந்தார். அந்த அம்மையார் அவருக்குக் கை கொடுத்திருந்தார்.

"பாத்தியே, இஞ்ச எல்லாருக்கும் அவவின்ர குரல் தெரியும்."

"ஓம் மாமா."

அடுத்த வசந்தத்தில் ஒரு பிரெஞ்சு நடிகையைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறார்களாம்.

"அவவும் நல்ல ஜெர்மன் கதைப்பா," என்றார்.