பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறவர்கள்

இந்த ஊர் டீக்கடைக்காரன் சர்க்கரை வேண்டுமா என்று என்னிடமே கேட்கிறான். வந்த புதிதில் இதனால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கிளாஸ்கோவில் என் கல்லூரிக்கு எதிரே ஒரு கடை. கூட வகுப்புப் பெண் ஒருத்தி நின்றாள். அவன் கேட்டான். அவள் சொல்லட்டும் என்று நான் பேசாமல் இருந்தேன். அவளும் பேசவில்லை. அவன் மறுபடி கேட்டான். மூன்றாம் முறை ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துக் கத்தினான். எனக்குக் காதும் கேட்காது என்று முடிவு கட்டிவிட்டான் போல. எனக்கோ, இந்த மனுஷன் ஏன் அந்தப் பெண்ணிடம் இப்படிக் கத்துகிறான் என்று கோபம். கண் தெரியாத என்னிடம் ஒரு கடைக்காரன் நேராகக் கேட்பான் என்பது அதுவரை என் வாழ்க்கையில் நடக்காத விஷயம். ஏற்காட்டில் ஒண்டிக்கடை நாற்சந்திப் பக்கம் அப்பாவோடு டீ குடிக்கப் போனால், "ஏனுங்க, பாப்பாவுக்குச் சர்க்கரை போடலாமுங்களா?" என்று அப்பாவைத்தான் கேட்பார்கள். பாப்பாவுக்கு அப்போது பத்தொன்பது வயது.

'அன்பால் கேட்பதுதானே, இதில் என்ன குற்றம் கண்டுபிடிக்கிறாள்' என்று ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் நினைப்பீர்கள். உங்கள் அன்பு எனக்கு மூன்று வருடத்தைத் தின்றது. பிளஸ் டூ முடித்ததும் சேலத்தில் ஒரு கல்லூரியில் சேர்க்க அப்பா என்னைக் கூட்டிப் போனார். எங்கள் ஊர் மஞ்சக்குட்டையில் இருந்து ஜீப்பில் ஏற்காடு, அங்கிருந்து பஸ். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்: எனக்குப் பொருளாதாரம் வேண்டும். அலுவலகத்தில் இருந்தவர் அப்பாவிடம், "புள்ளைக்குச் சுத்தமாத் தெரியாதுங்களா, கொஞ்சம் தெரியுமுங்களா?" என்று கேட்டார். அப்பா, "சுத்தமாத் தெரியாதுங்க சாமி" என்றார். எனக்கு அப்போது வெளிச்சமும் நிழலும் தெரியும். "என்ன குரூப் வேணுமாம்?" "நீங்களே பாத்துப் போடுங்க சாமி." அவர் பார்த்துப் போட்டார். வரலாறு. நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வாய் திறந்தால் அப்பாவுக்கு மரியாதைக் குறைவாகிவிடும் என்று திறக்கவில்லை. யாருக்கும் வேண்டாத குரூப்பை என் தலையில் கட்டினார்கள். மூன்று வருடம் மன்னர்களின் பெயரை மனப்பாடம் செய்தேன்.

அந்தப் பழக்கத்தைத்தான் மூட்டை கட்டிக்கொண்டு, மேல்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்தபோது, இந்தக் குளிர் நாட்டுக்கு வந்தேன். கையில் வெள்ளைக் கோலோடு கல்லூரி வாசலில் நுழைகிறேன். என்னென்ன தேவை என்று அவர்களுக்கே தெரியாதா, கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. முதல் தேர்வன்று என் முன்னால் அச்சடித்த வினாத்தாளை வைத்தார்கள். காகிதம் வழவழப்பாக இருந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் கல்லூரி அலுவலகத்துக்குச் சண்டைக்குப் போனேன். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளோடு ஒரு கணினி எனக்குத் தயாராகவே இருந்ததாம். "நீங்கள் கேட்கவே இல்லையே" என்றார் அந்த அலுவலர். "கோலை ஊன்றிக்கொண்டு உங்கள் முன்னால் நடந்தேனே, தெரியவில்லையா?" என்றேன். "தெரிந்தது. ஆனால் நாங்களாக எதையும் ஊகிப்பது உங்களை அவமதிப்பதாகும்" என்றார். எங்கள் ஊரில் கேட்காமலே செய்து அவமதிப்பார்கள். இங்கே கேட்கவில்லை என்று செய்யாமலே மரியாதை காட்டுகிறார்கள். கோடையில் அந்தத் தேர்வை மறுபடி எழுதினேன்.

இப்போது நான் பார்க்கும் வேலையே அதுதான். பள்ளியை முடித்துக் கல்லூரிக்கு வரும் கண் தெரியாத, காது கேளாத, எழுத்துத் தடுமாறும் பிள்ளைகளுக்குச் செயலிகளைப் பழக்கிவிடுகிறேன். புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்தால் வாசித்துக் காட்டும் செயலி. பாடம் நடத்துபவர் பேசப் பேச எழுத்தாக்கும் செயலி. வகுப்பைப் பதிவு செய்து, வேண்டிய இடத்தில் அடையாளம் போட்டு வைக்கும் செயலி. ஒவ்வொரு செப்டம்பரிலும் முதல் பேச்சாக ஒன்றைச் சொல்கிறேன்: உனக்கு என்ன வேண்டும் என்று இனி யாரும் உன் அம்மாவைக் கேட்கமாட்டார்கள், நீதான் கேட்க வேண்டும். சொல்லும்போது எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வரும். அந்த மதிப்போடு தமிழர் பொங்கல் விழாவுக்குப் போவேன். அங்கே ஒரு அம்மாள் என் தட்டை வாங்கி, சோற்றைப் பிசைந்து, "பாவம், நல்லாச் சாப்பிடும்மா" என்று கையில் கொடுப்பார். இப்போதெல்லாம் நான் போவதில்லை.

என் தம்பி முருகேசன் மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஜீப் ஓட்டுகிறான். அவன் மகள் திவ்யாவுக்கும் என்னைப் போலவே கண் தெரியாது. பன்னிரண்டு வருடம் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை வாசித்துக் காட்டியே படித்து பிளஸ் டூ தேறிவிட்டாள். இந்த ஜூனில் சேலத்தில் கல்லூரி, விடுதி. அங்கே பெஞ்சுப் பிள்ளை இருக்காது. எனக்கு நடந்தது இவளுக்கு நடக்கக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். நல்ல போன் ஒன்று வாங்கி, வேண்டிய செயலிகளையெல்லாம் ஏற்றி, எப்படி இயக்குவது என்று என் குரலிலேயே பதிவு செய்து, ஊருக்குப் போன ஒருவர் கையில் கொடுத்தனுப்பினேன். கல்லூரி விண்ணப்பத்தையும் இங்கிருந்தே போட்டேன். கணினிப் பயன்பாடு. வேலை கிடைக்கும் படிப்பு. இடமும் கிடைத்தது. திங்கட்கிழமை நேரில் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் இடம் போய்விடும்.

சனிக்கிழமை மதியம் வீடியோ காலில் கூப்பிட்டேன். அங்கே மாலை. முருகேசன்தான் எடுத்தான். "வெளிச்சத்துக்குத் திரும்புங்க்கா, மொகமே தெரியல" என்றான். ஜன்னல் பக்கம் திரும்பினேன். "இப்பத் தெரியுதுங்க. நொம்ப நல்ல போனுங்க்கா இது, என்ன கிளியரு!"

எனக்குச் சுருக்கென்றது. "எந்தப் போன்டா?"

"நீங்க அனுப்புனதுதானுங்க. டூரிஸ்ட்டுங்க லொகேசன் அனுப்புறாங்க, என்ற பழைய போன்ல ஒண்ணும் தெரிய மாட்டீங்குது. அவளுக்கு எதுக்குங்க்கா இத்தாப் பெரிய ஸ்கிரீனு? பாக்கவா போறா?"

"அது பேசுமேடா!"

"அதையேன் கேக்கறீங்க, தொட்டாப் பேசுது, தொடாட்டியும் பேசுது. ஒரே நச்சு. ஒண்டிக்கடைல ஒரு போன் கடையில குடுத்து வாயை அடைச்சுட்டேன்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சரியாகத்தான் இருக்கிறது என்று கொதித்தேன். என்னை நானே சாமி ஆக்கிக்கொண்டது அப்போது உறைக்கவில்லை. கரடியாய்க் கத்தினேன். அவள் கண்ணைப் பிடுங்கி நீ வைத்துக்கொண்டிருக்கிறாய் என்றேன். அவன் பேச்சில் இருந்த மரியாதை கழன்று விழுந்தது. "நீ அங்க ஒக்காந்துக்கிட்டு ஒரு போனை அனுப்பிச்சுட்டா ஆச்சா? பன்னண்டு வருசமா அவ கையப் புடிச்சுப் பள்ளிக்கொடம் கூட்டிட்டுப் போனது யாரு? காச்சல்னா ஜீப்பைப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனது யாரு? ஊட்டை உட்டுப் போனவளுக்கு என்ன தெரியும்?" என்றான். வலித்தது. வலித்ததால் இன்னும் மோசமாகப் பேசினேன். அவளை என்ன படிக்க வைப்பது, எந்த விடுதியில் வைப்பது, யார் கொண்டுபோய் விடுவது என்று அரை மணி நேரம் இருவரும் அடித்துக்கொண்டோம்.

"ரெண்டு பேருக்கும் முடிஞ்சுதுங்களா?" என்றது ஒரு குரல். அவனுக்குப் பக்கத்திலேயேதான் திவ்யா உட்கார்ந்திருந்திருக்கிறாள். "அத்தை, நான் அந்தக் கோர்சுல சேரலீங்க. எனக்கு வரலாறு வேணும்."

"பைத்தியமா உனக்கு? சாமி, அதை என் தலையில கட்டி நான் பட்டது போதாதா?"

"உங்களுக்குக் கட்டுனாங்க. நான் கேக்கறேன்."

"உனக்காகத்தானே கண்ணு இத்தனையும்…"

"என்னைய ஒருத்தருமே கேக்கலீங்களே அத்தை. நீங்களுந்தான். அப்பா தெனமும் குளிக்கப் போற நேரத்துல அந்தப் போனை எடுத்து நானாப் பழகிக்கிட்டேன். பக்கத்தூட்டு அண்ணன் ஒருத்தரோட பழைய வரலாற்றுப் புஸ்தகம் பாதி வாசிச்சாச்சு. அப்பா, போனைக் குடுங்க."

போன் கை மாறும் சரசரப்பு கேட்டது. ஒலியைக் கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்துச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால், நிறுத்தி வைத்த குரல் திரும்ப வரும். வந்தது. தமிழ்க் குரல், படுவேகத்தில். அந்த வேகத்தை நன்றாகப் பழகியவர்கள்தான் வைத்துக்கொள்வார்கள். அவள் விரல் நகர நகர அது சொல்லிக்கொண்டே போனது: கேமராவை மாற்று, பொத்தான். ஒலியை முடக்கு, பொத்தான். அழைப்பைத் துண்டி, பொத்தான். அங்கே நின்றது.

"திங்கக்கெழமை அப்பாகூட சேலம் போறேன். ஆபீசுல நானே சொல்லிக்கறேன். வெக்கறேனுங்க அத்தை."

என் கையில் இருந்த போன், அழைப்பு முடிந்தது என்று ஆங்கிலத்தில் சொன்னது. நன்றி கெட்டவள் என்று வாய்விட்டே திட்டினேன். மஞ்சக்குட்டையில் அந்தப் போன் திரையில் என் முகம் அணைந்து போயிருக்கும். கிளாஸ்கோவில் நான், அங்கே தெரிய வேண்டும் என்று, ஜன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைக் காட்டியபடி இன்னும் உட்கார்ந்திருந்தேன்.