மை அண்ணன் மறைத்த ஃபைல்

எங்கள் ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறைக்கு ஜன்னல் கிடையாது. மழைக்காலத்தில் ஃபைல்கள் காயாத துணி மாதிரி நாறும். அங்கே எனக்கு எதிர் மேஜையில் இருபது வருஷத்துக்கு மேலாக உட்கார்ந்திருப்பவரை எல்லாரும் மை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஆராய்ச்சிக்குப் போகிற நோயாளி ஃபைல்களில் பெயர், விலாசம், போன் நம்பர் மூன்றையும் தடித்த கருப்பு மார்க்கரால் அழிப்பது அவர் வேலை. "டாக்டருங்க நோயை ஒழிக்கப் பாக்கறாங்க, நீங்க நோயாளியையே ஒழிச்சுடறீங்களேண்ணே" என்று கிண்டல் செய்வேன். சிரிக்க மாட்டார். வேலை என்று வந்துவிட்டால் அவருக்கு விளையாட்டே ஆகாது.

அழிப்பதற்கு முன் சம்மதம் வாங்க வேண்டும். அதற்கும் அவர்தான் போவார். டாக்டர்கள் பார்த்துவிட்டுப் போன பிறகு, மத்தியானச் சாப்பாடு வருவதற்குள் போய்விடுவார். பேச ஆள் கிடைக்காதா என்று நோயாளிகள் ஏங்கிக் கிடக்கும் நேரம் அது.

"இதுல எனக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்பார்கள்.

"உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காதுங்க, பொய் சொல்ல மாட்டேன். நாளைக்கு இதே கட்டில்ல வந்து படுக்கறவங்களுக்குக் கிடைக்கும். உங்க பேரை என் கையாலேயே அழிச்சுடுவேன். நீங்க யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

பத்துக்கு எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். மறுக்கிறவர்களைக் கண்டால் அண்ணனுக்கு ஆகாது. ஒருமுறை வெல்டிங் வேலைக்காரர் ஒருவர், "என் நுரையீரல் சமாச்சாரம் முதலாளி காதுக்குப் போச்சுன்னா என் பொழப்பு என்னாகறது?" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு முழுக்க அறையில் ஒரே புலம்பல். "இவன் முழுங்கற மாத்திரை எப்படி வந்துச்சாம்? யாரோ குடுத்த விவரத்துல வந்ததுதானே? வாங்கிக்க மட்டும் கை நீளுது." அவருக்கு அவர் பயம் என்றேன். என் மேல் எரிந்து விழுந்தார்.

அப்படிப்பட்டவரின் வீட்டுக்குள்ளேயே நோய் வந்தது. அவர் மனைவி, எனக்கு அண்ணி, தையல் கூடத்தில் துணி வெட்டுகிறவர். கத்தரி பிடித்த கை தானாகத் துள்ள ஆரம்பித்தது. பிறகு பேச்சு குழறியது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பார்த்தார்கள். மெல்ல மெல்ல நரம்பு கெட்டுப்போகிற நோய். மருந்து இல்லை. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அவர்களுக்கு ஒரே மகள். அவளுக்கு அப்போதுதான் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா எங்கள் லேபில்தான் வேலை பார்த்தாள்.

நரம்பு டாக்டரம்மா எங்கள் அறைக்கே வந்தார். "இந்த நோய் ஆராய்ச்சியில இதுவரை பதினோரு பேர்தான் சேர்ந்திருக்காங்க. உங்க வீட்டம்மா சேர்ந்தா பெரிய உதவி. குடும்ப விவரம் முழுசா வேணும், அதை வெச்சுத்தான் ஆராய்ச்சியே. பேரை நீங்களே அழிச்சுடுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் அண்ணியைப் பார்க்கப் போயிருந்தேன். என்னை வைத்துக்கொண்டே அண்ணி கேட்டார். ஒவ்வொரு வார்த்தையையும் தேடிப் பிடித்துத்தான் பேசினார்.

"என் விவரத்தை டாக்டரம்மாகிட்ட குடுத்துடுங்க. ஊரெல்லாம் கேட்டு வாங்குனீங்களே. நம்மளதுன்னா மட்டும் கசக்குதா?"

"நீ சும்மா இரு."

"பொண்ணுகிட்டயாவது சொல்லிடுங்க."

"கல்யாணம் முடியட்டும், பாத்துக்கலாம்."

மறுநாள் படிவத்தில் 'நோயாளி மறுத்துவிட்டார்' என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் மேஜைக்கே போய்க் கேட்டேன்.

"அண்ணி சரின்னுதானே சொன்னாங்க? பேரைத்தான் அழிச்சுடப் போறீங்களே, அப்புறம் என்னண்ணே பயம்?"

"பேரை அழிச்சா ஆள் தெரியாதுன்னு நீ நம்பறியா?" என்றார், குரலைத் தாழ்த்தி. "வயசு, வேலை, எத்தனை பிள்ளை. மூணு வரி படிச்சா போதும், எனக்கு யாருன்னு தெரிஞ்சுடும். லேப்ல இருக்கறவளுக்குத் தெரியாதா?"

பதினாறு வருஷம் வார்டு வார்டாகப் போய் சத்தியம் செய்து கொடுத்தவர் சொல்கிறார் இதை. இவர் வாய் வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்களை நினைத்துக்கொண்டேன்.

கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகும் அவர் மகளிடம் சொல்லவில்லை. புது இடத்தில் முதலில் காலூன்றட்டும் என்றார், பிறகு வேலை கிடைக்கட்டும் என்றார். ஆராய்ச்சியைப் போதிய ஆள் சேரவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அண்ணி ஒருவர் சேர்ந்திருந்தால் மட்டும் நடந்திருக்குமா, தெரியாது. நாலாவது வருஷம் அண்ணி போய்ச் சேர்ந்தார். கடைசி ஒரு வருஷம் அவர் பேசியது யாருக்கும் புரியவில்லை. மகளைப் பார்த்து எதையோ சொல்ல முயன்று முயன்று அழுவார். அந்தப் பெண்ணும் புரியாமல் கூடவே அழுவாள். நான் சொல்லியிருக்கலாம். ஒரு நோயாளியின் விஷயத்தை வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குத் தைரியம் இல்லை.

போன மாதம் ஒரு காலையில் நாங்கள் பதிவேட்டு அறையில் இருந்தபோது அண்ணனுக்கு மகள் போன் செய்தாள். மூன்று மாதக் கர்ப்பம். அண்ணனுக்குக் காது மந்தம் என்பதால் போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார்.

"அப்பா, டாக்டர் எதிர்லயே இருக்காங்க. குடும்பத்துல யாருக்காவது நரம்பு வியாதி இருந்துச்சான்னு கேக்கறாங்க. அம்மாவுக்கு வந்தது என்னப்பா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். சொல்லிவிடுங்கள் என்று தலையசைத்தேன். எழுந்து போய் அவர் பக்கத்திலேயே நின்றேன்.

"அது வெறும் நடுக்கம்மா. உடம்புல சத்தில்லாம வந்தது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கப்பா."

"எத்தனை ஃபைல் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அவள் அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஒண்ணுமில்லையாம் டாக்டர். எங்கப்பாவுக்கு இதுதான் வேலை, அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."