ரெட்டைக் கயிறு ஜெய்னுலாபுதீன்

காரைக்காலில் வந்து ஜெய்னுலாபுதீன் வீடு என்று கேட்டால் எந்த ஜெய்னுலாபுதீன் என்பார்கள். ரெட்டைக் கயிறு என்றால் வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். அவருடைய வாப்பா ஒற்றைக் கயிற்றில் கட்டிவைத்த தோணியை ஒரு ஐப்பசிப் புயல் அறுத்துக்கொண்டு போனது, குடும்பமே தெருவுக்கு வந்தது. அதிலிருந்து ஜெய்னுலாபுதீனுக்குக் கிணற்று வாளிக்கும் ரெண்டு கயிறு, கதவுக்கும் ரெண்டு பூட்டு. பூட்டிவிட்டுப் பாதித் தெரு போனவர் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார்.

எண்பத்து மூன்றாம் வருஷம் அவருடைய நானா, கூடப்பிறந்த அண்ணன், நாகூர் மீரானின் மகள் ஜுலைகாவுக்கு நிக்காஹ். நானாவோ பினாங்கில், கால் முறிந்து கட்டிலோடு கிடந்தார். தகப்பன் சம்மதம் இல்லாமல் பெண்ணைக் கொடுக்க முடியுமா? "அவர் போன்ல என்கிட்ட சொல்லட்டும். அவருக்குப் பதிலா நீ உட்கார்ந்து பெண்ணைக் குடு" என்றார் நிக்காஹ் நடத்திவைக்கும் காஜியார். நாளைத் தள்ளவும் வழியில்லை. அன்று சாயங்காலமே மாப்பிள்ளை சவுதி பயணத்துக்கு ரயிலேறுகிறார்.

நிக்காஹுக்கு முதல் நாள் டிரங்க்கால் புக் செய்யப் போனால், டெலிபோன் ஆபீஸ் அல்லி கையை விரித்தாள். "கடலுக்கு அடியில போற கேபிள் அறுந்துபோச்சாங்க. பினாங்குக்கு லைன் இல்ல."

ரெட்டைக் கயிறு சும்மா இருப்பாரா? தந்தி ஒன்று அடித்தார். பஸ் பிடித்து நாகப்பட்டினம் போய் அங்கேயும் ஒரு டிரங்க்கால் புக் செய்தார். திரும்பி வந்து அல்லியிடம் பெருமையாகச் சொன்னார்.

அவள் சிரித்துவிட்டாள். "எந்த ஊர்ல டிக்கெட் எடுத்தாலும் ரயில் ஒண்ணுதாங்களே! எல்லாம் மெட்ராஸ் போயி அதே கேபிள்லதாங்க இறங்கணும்."

மறுநாள் விடிந்ததிலிருந்து அவர் பந்தலுக்கும் டெலிபோன் ஆபீசுக்கும் நடையாய் நடந்தார். "சாச்சா, வாப்பா பேசினாங்களா?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து ஜுலைகா கேட்டாள். மாப்பிள்ளை வீட்டார் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

மறுபடி கிளம்பியவரைப் பந்தல் காலடியில் பீர் மைதீன் மறித்தார். நானா பெண்டாட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி, போன வாரம்தான் பினாங்கிலிருந்து கப்பலில் வந்தவர்.

"எங்க மச்சான் இப்படி ஓடுறீங்க?"

"நானா வார்த்தைக்குத்தான். லைன் கிடைக்கல."

"அடப்பாவமே! உங்க நானா குடுத்துவிட்ட கம்பளியக் கொண்டாந்தன்னைக்கே சொல்ல வாயெடுத்தேன். நீங்கதான் 'போன்ல நானே கேட்டுக்கறேன்'னு பேசவே விடல. போன் வாய்க்காமப் போனா தம்பியே உட்கார்ந்து குடுக்கட்டும்னு பெரிய மச்சான் சொல்லி விட்டாங்க."

"ஒத்த ஆள் சொன்னா காஜியார் ஏத்துக்குவாரா?"

"என்கூடக் கப்பல்ல வந்த என் சகலையையும் பக்கத்துல உட்கார வச்சுத்தான் சொன்னாங்க. பெரிய மச்சானும் தோணிய விட்ட அதே வாப்பாவுக்குப் பொறந்தவங்கதானே! சகலை அங்க பந்திக்குப் பாய் விரிக்கிறாரு, கூப்பிடுங்க."

காஜியார் ரெண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டார். வார்த்தை ஒத்திருந்தது, தலையை ஆட்டினார். ஜெய்னுலாபுதீன் மாப்பிள்ளையின் கையைப் பற்றிப் பெண்ணைக் கொடுத்தார். துவா ஓதியும் முடிந்தது. பிடித்த கையை மட்டும் விடவில்லை.

"காஜியாரே, எதுக்கும் இன்னொரு தடவை சொல்லிரட்டா?"

"கையை விடு தம்பி. மாப்பிள்ளை ரயிலைப் பிடிக்கணும்."