மருதனார்மடத்தில் ஒரு காசி யாத்திரை

மருதனார்மடம் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன். மலாயாவில் இருபது வருட உத்தியோகம் முடித்துத் திரும்பியவன். தலையில் தொப்பி, கழுத்தில் கமெரா. சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவள் என்னைவிட மூத்தவள். ஒரு காயை எடுத்து என் மூக்குக்கு நேரே ஆட்டுகிறாள்.

"துரை! நல்ல காய்! நல்ல காய்!" செவிடனுக்குச் சொல்வதுபோல் கத்துகிறாள்.

பக்கத்து ஊர் உரும்பிராயில் பிறந்தவனை, அதுவும் இந்தக் கரிச்சட்டி நிறத்தவனை, வேடிக்கை பார்க்க வந்த துரை ஆக்கிவிட்டாளே! உடனே தமிழில் ஏதாவது சொல்லியாக வேண்டும். பதற்றத்தில் வாயில் வருவதோ மலாய்க்காரர் நன்றி சொல்லும் சொல்: "தெரிமா காசி."

"காசியோ?" அவள் எழுந்தே விடுகிறாள். "காசிக்கோ போட்டு வாறியள், ஐயா?"

ஒரே சொல்லில் நான் யாத்திரைக்காரன்.

"அங்கை போனாக்கள் விருப்பமான காய் ஒண்டை விட்டிட்டு வரவேணுமெல்லோ. நீங்கள் என்னத்தை விட்டனீங்கள்?"

பகிடியாகப் பதில் சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன். வெளியே வருவது வேறு.

"ஊரை விட்டனான், அக்கா."

அவள் என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள்.

"அப்ப கத்தரிக்காய் தின்னலாம். பையைப் பிடியும், தம்பி."