வெள்ளைச்சியின் கோபம்

கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார்த்துவது அவள் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் விடமாட்டாள். கடையில் அவளுக்கு ‘அரை மில்லி அக்கா’ என்றே பெயர். வீட்டில் அவளும் அவள் அண்ணனும், நாலு வருஷமாக ஒட்டிப் பிறந்ததுபோல் திரிந்த இரண்டு முயல்களும்தான். பெண் வெள்ளைச்சி, ஆண் சாம்பல்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது தரையெல்லாம் சாம்பல் நிற முடி கொத்துக்கொத்தாகக் கிடந்தது. சாம்பலின் காதில் ரத்தம். அதுவரை பரம சாதுவாக இருந்த வெள்ளைச்சி, அவன் கிட்டே வந்தாலே பாய்ந்து கடித்தாள்.

“என்னடி ஆச்சு உனக்கு? பேய் கீய் பிடிச்சிருச்சா?”

“ரெண்டு நாள் பிரிச்சு வை, திமிரு அடங்கிடும்” என்றார் அண்ணன்.

முயல் வளர்ப்பவர்களிடம் விசாரித்து, அறையின் நடுவே கம்பி வலை வைத்தாள். ஒன்றின் வாசனை இன்னொன்றுக்கு மறந்துவிடாமலிருக்க, படுக்கைத் துணிகளை மாற்றி மாற்றிப் போட்டாள். வலைக்கு இருபுறமும் கீரை வைத்தாள். சாம்பல் வலையோரமே கிடந்தான். வெள்ளைச்சியோ மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்துக் கீரை வாடியது.

“வீம்பு பண்றியா? பசிச்சா தானா வருவ.”

மூன்றாம் நாள் காலை வெள்ளைச்சியைத் தூக்கியபோது உடம்பு சில்லிட்டிருந்தது, மோவாய் நனைந்திருந்தது. அள்ளிக்கொண்டு ஓடினாள். மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பல் ஒன்று வளைந்து வளர்ந்து கன்னத்தை உள்ளே கிழித்திருந்தது.

“இவ்வளவு வலியில யார் கிட்ட வந்தாலும் கடிக்கத்தாங்க செய்யும். சாப்பிடாம குடலும் நின்னு போச்சு.”

“நான் கோவம்னு நெனச்சேன் டாக்டர்.”

மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் வலையைப் பிடுங்கி எறிந்தாள். துண்டில் சுற்றிய உடம்பைச் சாம்பலின் முன் வைத்தாள். அவன் முகர்ந்தான். மூக்கால் இரண்டு முறை தள்ளிப் பார்த்தான். பிறகு வெள்ளைச்சியின் கன்னத்தை நக்க ஆரம்பித்தான், நிறுத்தவே இல்லை.

“போதும்மா, எடுத்துடலாம்.” அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அடங்கிடும்னு நான்தானே சொன்னேன்.”

“கூடவே இருந்து பாத்தது நான்தானேண்ணா.”

அதன்பின் சாம்பல் ஒரு வருஷம் இருந்தான். துணைக்கு இன்னொன்று வாங்கச் சொன்னார்கள்; அவளுக்கு மனசு வரவில்லை. தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அவனை மடியில் போட்டுத் தாடையைத் தடவிப் பார்ப்பாள். அவனுக்கு அது ஆகாது. ஒருநாள் சுருக்கென்று விரலைக் கடித்துவிட்டான். அவள் கையை இழுக்கவில்லை.

“எங்கடா வலிக்குது?” என்று கேட்டுக்கொண்டே அழுதாள்.